சுடாத துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு

பிரிட்டனில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுடாத துப்பாக்கிகளைச் சேர்ப்பது.

பொம்மைத் துப்பாக்கியைச் சொல்லவில்லை. இரும்பும் மரமும் அசல். போருக்காகத் தொழிற்சாலையில் செய்து, ராணுவ எண் பொறித்து, சிப்பாய் ஒருவன் தோளில் சுமந்த துப்பாக்கி. அதன் குழலை நீளவாக்கில் அறுத்து, உள்ளே எஃகுக் கம்பியைச் செருகிப் பற்றவைத்து, இனி ஒரு தோட்டாகூட வெடிக்க முடியாதபடி செய்துவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'டீஆக்ட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பவர்களைப் போலவே இவர்களும் கண்காட்சிகளுக்குப் போவார்கள், எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், வாங்கியதை வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைப்பார்கள்.

நமக்கு இது விநோதமாகத்தான் படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நீதிமன்றச் செய்திதான் நினைவுக்கு வரும். ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் லண்டன், மான்செஸ்டர் என்று போகும் நம் பிள்ளைகள் அங்குள்ள ராணுவப் பழம்பொருள் சந்தைகளில் இவற்றைப் பார்க்கிறார்கள். அவற்றில் சில நம் ஊர்க் கதையோடு ஒட்டியவை.

'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் பெற்ற ஐந்தாம் எண் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 முதல் 1947 வரை பிரிட்டனில் தயாரான .303 ரகம். பழைய லீ-என்ஃபீல்டைக் குட்டையாக்கி, எடையைக் குறைத்து, முனையில் புனல்போல ஒரு தீமறைப்பான் வைத்தால் அதுதான் இது. எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். சுட்டால் தோளில் முரட்டுத்தனமாக இடிக்கும், குறியும் நிலையாக நிற்காது என்று பேர் வாங்கியது. மலாயாவில் 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் படையினர் கையில் இது இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு முள்வேலியும் சோதனைச் சாவடியும் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் நினைவிருக்கும். அப்படி ஒரு குடும்பத்துப் பேரப்பிள்ளை இங்கிலாந்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதே துப்பாக்கியைப் பார்த்தால், விலை கேட்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த ஆண்டில் செயலிழக்கச் செய்யப்பட்டது என்பது. துப்பாக்கி செய்த ஆண்டைவிட அதை முடக்கிய ஆண்டுதான் இன்று முக்கியம். ஏனென்றால் இந்தச் சேகரிப்பில் பணம் கொடுத்து வாங்குவது பாதி இரும்பு, பாதி காகிதம். அந்தக் காகிதத்தின் பொருளை அரசு மூன்று நான்கு முறை மாற்றி எழுதிவிட்டது.

முதல் காகிதம் ஒரு பெருந்துயரத்துக்குப் பிறகு வந்தது. 1987 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஒருவன், உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கிகளால் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. அதே 1988 சட்டத்தின் எட்டாம் பிரிவு வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. ஒரு துப்பாக்கியை அரசு ஏற்ற முறையில் முடக்கி, லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள சோதனைக் கூடம் பார்த்து முத்திரை குத்திச் சான்றிதழும் கொடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை. உரிமம் வேண்டாம், இரும்புப் பெட்டி வேண்டாம்.

இந்தச் சோதனைக் கூடங்கள் சாமானியப்பட்டவை அல்ல. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1637-இல். பர்மிங்ஹாம் கூடம் 1813-இல் வந்தது. துப்பாக்கிக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்தைத் திணித்து வெடித்துப் பார்த்து, 'இது தாங்கும், நம்பிச் சுடலாம்' என்று முத்திரை குத்துவதே அவர்களுடைய பரம்பரை வேலை. அவர்களிடமே 'இது ஒருநாளும் சுடாது' என்று முத்திரை குத்தும் வேலையும் வந்து சேர்ந்தது. பிறப்புச் சான்றிதழ் கொடுத்தவரே இறப்புச் சான்றிதழும் கொடுப்பதுபோல!

அந்த நாளில் முடக்கிய துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு இருந்தது. குழலும் தோட்டா அமரும் அறையும் பாழாக்கப்பட்டிருக்கும், தோட்டாவை அடிக்கும் ஊசி இருக்காது. ஆனால் மற்ற உறுப்புகள் அசையும். போல்ட்டை இழுக்கலாம், தள்ளலாம், விசையை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்கும், பிரித்து மாட்டலாம். ஒரு சிப்பாய் பனியிலும் சேற்றிலும் என்ன செய்தான் என்பதைக் கைக்குத் தெரியவைப்பது இந்த அசைவுதான். வரலாறு கற்பிப்பவர்களும் போர்க்காலச் சீருடையில் பழைய சண்டைகளை நடித்துக் காட்டும் குழுக்களும் இதற்காகவே இவற்றை வாங்கினார்கள்.

1995-இல் முதல் இறுக்கம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிகள், தானியங்கி ரகங்கள் இவற்றின் உள்ளுறுப்புகளையும் வெட்டிப் பற்றவைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அதற்கு முன்பு முடக்கியவை அப்படியே செல்லும். அதனால் 'பழைய முறை', 'புதிய முறை' என்று சந்தை இரண்டாகப் பிரிந்து, பழைய முறைக்கு விலை ஏறியது. மறுவருடம், 1996 மார்ச் 13 அன்று, ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப் பள்ளியில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். கைத்துப்பாக்கிகள் தனியார் கையில் இருப்பதே 1997-இல் ஏறக்குறைய முழுமையாகத் தடையானது. இத்தனைக்கு நடுவிலும் முடக்கப்பட்ட துப்பாக்கி தப்பித்துக்கொண்டது. 'அது துப்பாக்கியே இல்லையே' என்ற ஒற்றை வாக்கியம் அதற்குக் கவசமாக இருந்தது.

அந்தக் கவசம் உடைந்த இடம் பிரிட்டன் அல்ல, பாரிஸ்.

2015 ஜனவரியில் பாரிஸில் நடந்த தாக்குதல்களின்போது யூதர் கடை ஒன்றில் நான்கு பேரைக் கொன்றவனிடம் செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பான ரைஃபிள்கள் இருந்தன. அவை ஸ்லோவாக்கியாவில், திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் வெறும் சத்தம் எழுப்ப மாற்றியமைக்கப்பட்டு, கடையில் விற்கப்பட்டவை. யாரோ அவற்றை மீண்டும் சுடவைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய முறையில் முடக்குவதும், ஒரு நாட்டில் எளிதாக வாங்கியதை அடுத்த நாட்டுக்குக் காரிலேயே கொண்டுபோக முடிவதும் எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் ஐரோப்பா விழித்துக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸ் மறுபடியும் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே முடக்கும் முறையை விதியாக்கியது. 2016 ஏப்ரல் 8 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பாரிஸில் பிடிபட்டவை பிரிட்டிஷ் முத்திரை பெற்ற டீஆக்ட்கள் அல்ல. அவை வேறு வகை, வேறு நாடு, வேறு தரம். 'தவறு செய்தவன் ஒருவன், தண்டனை எங்களுக்கா?' என்று பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் குமுறியது இதனால்தான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். புதிய விதி வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜூலை 22 அன்று மியூனிக் நகரில் 18 வயது இளைஞன் ஒருவன் ஒன்பது பேரைக் கொன்றான், இறந்தவர்களில் பலர் பதின்ம வயதினர். அவன் கையில் இருந்த கைத்துப்பாக்கியும், ஒருகாலத்தில் நாடகப் பயன்பாட்டுக்காக முடக்கப்பட்டு, மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு, இணையத்தின் இருட்டுச் சந்தையில் விலைபோனது. செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த பொருள் எழுந்து வருவது கற்பனை அல்ல. சட்டம் இயற்றுபவர் மேசையில் இப்படி ஒரு கோப்பு இருக்கும்போது, உங்கள் சுவரில் இருப்பது மட்டும் நல்ல தரம் என்ற வாதம் எடுபடாது.

புதிய முறையில் போல்ட் அசையாது, விசை அசையாது. முக்கிய உறுப்புகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, மொத்தமும் ஒரே கட்டி இரும்பாகிவிடும். 2018-இல் சில விவரங்கள் திருத்தப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் இந்தத் தரத்தைக் கைவிடவில்லை.

சேகரிப்பாளரை அதிகம் உலுக்கியது இந்த வெல்டிங் அல்ல. 2017-இல் பிரிட்டன் கொண்டுவந்த இன்னொரு பிரிவுதான். புதிய தரத்துக்கு இணங்காத டீஆக்டை நீங்கள் வைத்திருக்கலாம், குற்றமில்லை. ஆனால் உள்நாட்டில் இன்னொருவருக்கு விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ முடியாது. விற்பனைக்கு என்று விளம்பரம் செய்வதே குற்றம். கொடுக்க வேண்டுமென்றால் மறுபடியும் புதிய முறையில் முடக்கிப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டும்.

இதன் பொருளை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். 20, 30 ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சட்டப்படி, ரசீதோடும் சான்றிதழோடும் ஒருவர் பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்திருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகு விற்றால் கைக்கு ஒரு தொகை வரும் என்று நினைத்திருக்கிறார். ஒரு காலையில் அவை விற்க முடியாத பொருளாகிவிட்டன. மீண்டும் முடக்கினால் அதற்கும் செலவு, எந்த அசைவுக்காக விலை இருந்ததோ அந்த அசைவும் போய்விடும். டன்பிளேனுக்குப் பிறகு கைத்துப்பாக்கிகளை ஒப்படைத்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. இவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, அதனால் இழப்பீடு என்ற பேச்சுக்கும் இடமில்லை. பொருள் அவர் வீட்டிலேயேதான் இருக்கிறது, மதிப்பு மட்டும்தான் வெளியேறிவிட்டது. நோக்கம் சரி, செய்த விதத்தில் அவசரம் தெரிகிறது என்பதே என் எண்ணம். இவர்கள் நேர்மையாகச் சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களுக்கு ஓர் இடைவழி வகுத்துக் கொடுத்திருக்கலாம்.

2019 டிசம்பர் முதல் இன்னொரு படி சேர்ந்தது. முடக்கப்பட்ட துப்பாக்கி கைமாறினால் யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் துப்பாக்கி என்று உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 'துப்பாக்கியே இல்லை' என்று தொடங்கிய கதை, 'துப்பாக்கி இல்லைதான், ஆனாலும் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்' என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. உறையில்லாமல் தெருவில் தூக்கிக்கொண்டு போனால், தக்க காரணம் காட்ட முடியாவிட்டால் அதுவும் குற்றம். எதிரே ஆயுதக் காவலர்கள் வந்து நிற்கும்போது சான்றிதழ் எடுத்துக் காட்ட நேரம் இருக்காது என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் கொடுமையாக முடிந்தது. அங்கே துப்பாக்கி தாராளம் என்றுதானே நினைக்கிறோம்? இயந்திரத் துப்பாக்கிக்கு மட்டும் 1934 முதலே பதிவும் 200 டாலர் வரியும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் எதிரியிடம் பிடித்த இயந்திரத் துப்பாக்கிகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தார்கள். குழலைப் பற்றவைத்து அடைத்துவிட்டால் பதிவு தேவையில்லை என்று அரசே சொன்னது. 'டிவாட்' என்று அதற்குப் பெயர், முடக்கப்பட்ட போர் நினைவுச்சின்னம் என்பதன் சுருக்கம். பரணிலும் வாகனக் கொட்டகையிலும் அவை நிம்மதியாகக் கிடந்தன.

1968-இல் சட்டம் மாறியது. முடக்கியிருந்தாலும் இயந்திரத் துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கிதான், பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்காக ஒரு பொது மன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை, 30 நாள். செய்தியைப் படித்துப் படிவம் நிரப்பி அனுப்பியவர்கள் தப்பித்தார்கள். படிக்காதவர்களுக்கு, படித்தும் 'இது அடைபட்டதுதானே' என்று விட்டவர்களுக்கு, அந்தக் கதவு திரும்பத் திறக்கவே இல்லை. 1986-இல் பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கிப் பதிவும் மூடப்பட்டதால், பதிவில் ஏறியவற்றின் விலை பல மடங்கு ஏறியது. ஒரே தொழிற்சாலையில் செய்து, ஒரே கப்பலில் வந்து, ஒரே மாதிரி அடைத்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று இன்று பெரும் சொத்து, மற்றொன்று பத்தாண்டுச் சிறைக்கு இடமளிக்கும் சட்டவிரோதப் பொருள். இரண்டுக்கும் வேறுபாடு 1968-இல் நிரப்பிய ஒரு படிவம். தாத்தா இறந்து வீட்டை ஒழிக்கும்போது பரணில் அதைக் கண்டெடுக்கும் பேரனுக்கு அந்தப் படிவம் இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? தாத்தாவின் பழைய காகிதங்களைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று அங்குள்ள சேகரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சரி, நம் பிள்ளை லண்டனில் புதிய முறையில் முடக்கி, புதிய சான்றிதழோடு ஒரு ஜங்கிள் கார்பைன் வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கைமாறியதைத் தெரிவித்தும் ஆயிற்று. அங்கே இருக்கும்வரை அது அவன் சுவரில் தொங்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அதையும் பெட்டியில் வைத்துக் கட்டலாமா?

கூடாது. பர்மிங்ஹாம் முத்திரை சொல்வது பிரிட்டிஷ் சட்டத்துக்கு மட்டும் பதில். சாங்கியிலோ சிப்பாங்கிலோ அது ஒரு காகிதம், அவ்வளவுதான். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அசல் ஆயுதத்தோடு நிற்பதில்லை, போலி ஆயுதத்தையும் தொடுகிறது. 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் அதற்கு மேல் இருக்கிறது. சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின் கடுமையை விளக்க வேண்டியதில்லை. அதோடு, நூறாண்டுக்கு மேல் பழைய சட்டத்துக்குப் பதிலாக துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2025-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கைத்துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரைக்கூடச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது என்று தெரிந்தவர்கள், 3 கிலோ அசல் இரும்பைப் பற்றிக் கேள்வியே கேட்கமாட்டார்கள். இணையத்தில் ஆர்டர் போட்டுத் தபாலில் வரவழைப்பதும் இதே கதைதான். 'அது சுடாது சார்' என்பதைச் சுங்கத்துறை மேசையில் சொல்லிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். ஏதேனும் தனிப்பட்ட காரணம் இருந்தால், பொருள் கிளம்பும் முன்பே காவல் துறையிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

உள்ளூரிலும் ஒரு குடும்ப விஷயம் உண்டு. தோட்டத்திலும் விவசாய நிலத்திலும் காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். அந்த உரிமம் அவர் ஒருவர் பெயருக்குத்தான். நிலமும் நகையும்போல அது வாரிசுக்கு வந்துவிடாது. பெரியவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பீரோவுக்குள் வைத்திருக்காமல், உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும். உரிமப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை அவர் நல்லபடியாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பழைய துப்பாக்கிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இங்கேயே இடம் இருக்கிறது. கோலாலம்பூரில் காவல் துறை அருங்காட்சியகத்தில் அவசரகாலத்தில் கைப்பற்றிய ஆயுதங்களைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளோடு போனால் கடற்கரையும் கூடவே கிடைக்கும். சிங்கப்பூரில் புக்கிட் தீமா பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போகலாம், 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த கட்டடம் அது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அந்தக் காலத்து ஆள் என்றால், அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் குறிப்பில் இல்லாத கதை அவர்களிடம் இருக்கும்.